ஊமத்தங்குளத்தார் டீசலைப் புதைத்த கதை

மேற்கே மலை, மலைக்குக் கீழே சரிவில் ஊர், ஊருக்குக் கீழே குளம், குளத்துக்கும் கீழே ஊர்ப்பொதுவில் ஒரு வாழைத்தோட்டம். இதுதான் ஊமத்தங்குளம். அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வில்லங்கம் எல்லாம் அதில்தான் வந்தது.

ஒரு பங்குனி மாதம் எரிசக்தித் துறை அதிகாரி மதிவதனி அம்மா அங்கே வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். டீசல், பெட்ரோல், நிலக்கரி எல்லாம் புதைபடிவ எரிபொருள் என்றார். கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள் கிடந்ததைத் தோண்டி எரிப்பதால்தான் பூமி கொதிக்கிறது என்றார். "இனிமே அதை விட்டுடுங்க. சூரிய ஒளியில மோட்டார் ஓடும். காத்துல விளக்கு எரியும். புங்கங்கொட்டையில வண்டி ஓடும். மாற்றம் உங்க ஊர்ல இருந்து தொடங்கட்டும்" என்று சொல்லி, மாற்று எரிபொருள் குழு என்று ஒன்றையும் அமைத்துவிட்டுப் போனார்.

குழுவுக்குத் தலைவர் பூதத்தான். பெரிய மீசைக்காரர், யோசிக்கும்போது மீசையின் ஒரு முனையை வாயில் வைத்துக்கொள்வார். உறுப்பினர்கள் மூன்று பேர்: டிராக்டர் ஓட்டும் சொரிமுத்து, தோட்டத்து மோட்டாரைக் கவனிக்கும் நம்பிராசன், எதிலும் ஒரு கேள்வி கேட்கும் பவளக்கொடி.

முதல் கூட்டத்திலேயே பெரிய விவாதம் வந்தது.

"டீசலை விடணும்னு சொன்னாவளே, எங்கே விடணும்னு சொன்னாவளா?" என்று கேட்டார் பவளக்கொடி.

"அதுதான் பேருலயே இருக்கே, மதினி" என்றான் நம்பிராசன். "புதைபடிவ எரிபொருள். புதைன்னுதானே சொல்லுது."

பூதத்தான் மீசையை வாயிலிருந்து எடுத்தார். "நாம மண்ணுக்குள்ள இருந்ததை எடுத்தோம். எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கணும். அதுதான் மரியாதை."

மோட்டார் கொட்டகையில் இருந்த டீசல் கேன்களையும், டிராக்டர் டேங்கில் இருந்த டீசலையும் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். சொரிமுத்துவுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருசம் வண்டியை ஓட்டிய டீசல் அல்லவா. ஒரு மாலை வாங்கிப் போட்டான். பவளக்கொடி மட்டும் தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, முளைத்துவிடப் போகிறதே என்ற பயத்தில், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

டீசல் இல்லை என்றதும் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றதும் வாழை வாடத் தொடங்கியது. குலை தள்ளும் நேரம். அந்த வாழைதான் ஊருக்கே சோறு போடுவது. பூதத்தான் தோட்டத்துக்குப் போய், தொங்கிப்போன இலை ஒன்றைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கையை எடுத்தால் அது மறுபடியும் தொங்கியது.

நல்ல வேளையாக அதிகாரி அம்மா அனுப்பிய லாரி வந்து சேர்ந்தது. அதில் ஒரு சூரியத் தகடு, அதற்கேற்ற மோட்டார், ஒரு சின்னக் காற்றாலை. கூட வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். தகட்டிலிருந்து மோட்டாருக்கு வயர் கொடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. ஊரே கை தட்டியது.

"தகடு சூரியனைப் பாத்தே இருக்கணும். மேல தூசி, எச்சம் எதுவும் படாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் லாரியில் ஏறினார்.

உச்சிப்பொழுது தாண்டியது. பவளக்கொடிதான் முதலில் கண்டார். "அண்ணாச்சி, சூரியன் அந்தப் பக்கம் போயிட்டு. தகடு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கு!"

"ஐயோ, தூக்குங்கவே!" என்று கத்தினார் பூதத்தான்.

நாலு பேரும் தகட்டைப் பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வயர் அறுந்தது. மோட்டார் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை; கண் எல்லாம் சூரியன் மேல். சூரியன் மேற்கே போகப்போக இவர்களும் மேற்கே போனார்கள். கடைசியில் அது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"மலையேறிப் போயிருவோமா?" என்றான் சொரிமுத்து.

"போலாம். ஆனா காலையில அது கிழக்கே வருமே. அதுக்குள்ள எறங்கி ஓடணுமே" என்றான் நம்பிராசன்.

தலைவர் யோசித்தார். "தகடு நாள் பூரா வெயிலையே வெறிச்சுப் பாத்திருக்கு. அதுக்கும் கண்ணு எரியத்தானே செய்யும். ரெண்டு நாள் ஓய்வு கொடுப்போம்." தூசி, எச்சம் எதுவும் படாமல் தகட்டை மூன்று கம்பளியில் சுற்றி நெற்குதிருக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினார்கள். மெக்கானிக் மறுபடி வந்து பார்த்திருந்தால், அவ்வளவு சுத்தமான தகட்டை எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது காற்று. பங்குனி முடிந்து சித்திரை பிறந்திருந்தது. ஒரு இலை அசையவில்லை. காற்றாலை சும்மா நின்றது. சொரிமுத்து அதற்குக் கீழே உட்கார்ந்து ஊதிப் பார்த்தான். தலை சுற்றியது, காற்றாலை சுற்றவில்லை.

"காத்து இல்லாத ஊருக்குக் காத்தை நாமதான் கொண்டாரணும்" என்றார் பூதத்தான்.

பக்கத்து ஊரில் கல்யாண மண்டபத்துப் பெரிய மின்விசிறி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கினார்கள். விசிறி சுற்ற மின்சாரம் வேண்டுமே என்று, மண்டபத்து ஜெனரேட்டரையும் டீசலோடு இரவல் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். ஜெனரேட்டர் கடகடவென்று உறுமியது. விசிறி சுற்றியது. விசிறிக் காற்றில் காற்றாலை சுற்றியது. காற்றாலையில் கட்டியிருந்த குண்டு பல்பு மினுக் மினுக் என்று எரிந்தது.

பூதத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீராவே? டீசல் இல்லாம விளக்கு!"

"அண்ணாச்சி, அந்தா புகை வருதே?" என்றார் பவளக்கொடி.

"அது பக்கத்து ஊர் டீசல், தாயி. பக்கத்து ஊர்ப் புகை. நம்ம கணக்குல வராது."

"பூமி ஒண்ணுதானேன்னு அந்த அம்மா சொன்னாவளே?"

"பூமி ஒண்ணுதான். ஊர் ரெண்டுல்லா?"

இதைவிடப் பெரிய கூட்டங்களிலும் இதற்குப் பதில் சொன்னவர்கள் இல்லை என்று கேள்வி.

பல்பு எரிந்தது சரி, வாழைக்குத் தண்ணீர்? மட்டைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய்ச் சாய்ந்துகொண்டிருந்தன. நம்பிராசன் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தான். ஒரு வரிசை முடிவதற்குள் முதல் வாழை மறுபடி காய்ந்தது. மண்மேல் உட்கார்ந்து அழுதே விட்டான். குளத்தில் தண்ணீர் இருந்தது. ஆனால் மடைக்கதவு துருப்பிடித்து இறுகிப் பல காலம் ஆயிற்று. அதைத் திறக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

"அழாதேயும்வே. டிராக்டர்ல தண்ணித் தொட்டியைக் கட்டி குளத்துத் தண்ணி கொண்டாருவோம்" என்றார் பூதத்தான்.

"டீசல்?" என்றான் சொரிமுத்து.

"புங்கங்கொட்டையில வண்டி ஓடும்னு சொல்லியாச்சே. இன்னும் என்ன?"

ஊரில் இருந்த புங்கமரத்தை எல்லாம் உலுக்கினார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டை சேர்ந்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். டேங்கில் போடலாம் என்றான் நம்பிராசன். சொரிமுத்து கோபித்துக்கொண்டான்.

"என்ன பேச்சுவே பேசுதீரு? வண்டி எதுல ஓடும்? ரோட்டுல ஓடும். தார்ல ஓடும், மண்ணுல ஓடும். அப்ப புங்கங்கொட்டையில ஓடணும்னா கொட்டையை எங்கே போடணும்?"

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஊரிலிருந்து குளத்துக்கு இறங்கும் சரிவுப் பாதை முழுக்கக் கொட்டையைப் பரப்பினார்கள். டிராக்டரை மேலே தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சொரிமுத்து குளித்து, திருநீறு பூசி, சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டான்.

வண்டி ஓடியது! சாமி சத்தியமாய் ஓடியது. கொட்டைகள் சக்கரத்துக்குக் கீழே வழுக்கி உருள, டீசலில் ஒருநாளும் போகாத வேகத்தில் போனது. "ஓடுது! ஓடுது!" என்று ஊரே கூத்தாடியது. "நிக்க மாட்டேங்குது!" என்று சொரிமுத்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. குளத்தங்கரை வந்ததும் அவன் ஒரு பக்கம் குதித்தான், டிராக்டர் இன்னொரு பக்கம் பாய்ந்து மடைக்கதவின்மேல் டமார் என்று விழுந்தது. கதவு பிளந்தது. பிளந்த வாயில் டிராக்டரே அடைப்பாக உட்கார்ந்துகொண்டதால் குளம் உடையவில்லை. தண்ணீர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அளவாகக் கசிந்து, வாய்க்காலில் இறங்கி, வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்தது.

நம்பிராசன் சேற்றில் விழுந்து புரண்டு சிரித்தான். பூதத்தான் ஒவ்வொரு வாழையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். சில நாளில் இலைகள் நிமிர்ந்தன. குலை தள்ளின.

சித்திரைக் கடைசியில் மதிவதனி அம்மா தன் ஜீப்பில் வந்தார். பச்சைப் பசேல் என்ற தோட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். "டீசலே இல்லாமலா? சூரியனா, காத்தா, புங்க எண்ணெயா? எதுல தண்ணி பாய்ச்சினீங்க?"

"டிராக்டர்ல, அம்மா" என்றார் பூதத்தான் அடக்கமாக. "சொட்டு டீசல் கிடையாது."

அம்மா மகிழ்ந்துபோய்ப் பாராட்டினார். புறப்பட ஜீப்பில் ஏறினார். டிரைவர் சாவியைத் திருகியதும் பின்னால் கறுப்பாகப் புகை வந்தது. குழு பதறிவிட்டது.

"அம்மா, நம்ம ஊருக்குள்ள டீசல் புகையா? எல்லை வரைக்கும் நாங்களே கொண்டு விடுதோம். நீங்க எறங்க வேண்டாம்" என்றார் பூதத்தான். அவர் வாய் மூடுவதற்குள் ஊர் ஆண்கள் அடியில் மூங்கில் கழிகளைக் கொடுத்து, டிரைவரோடும் அதிகாரியோடும் ஜீப்பைத் தோளுக்குத் தூக்கிவிட்டார்கள்.

முதலில் அம்மா "ஐயோ, இறக்குங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், குலுக்கலே இல்லாத அந்தப் பயணத்தில் அவருக்குத் துறைசார்ந்த ஆர்வம் வந்துவிட்டது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இதுக்கு எரிபொருள் என்ன?" என்று கேட்டார்.

"பழைய சோறும்மா" என்றான் நம்பிராசன் மூச்சு வாங்க.

"புதுப்பிக்கத் தக்கதா?"

"தினமும் காலையில புதுப்பிச்சுக்கிடுவோம்."

"புகை?"

"அப்பப்ப வரும். கண்ணுக்குத் தெரியாது."

அம்மா மிகவும் திருப்தியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆனால் ஏற்றம் வந்ததும் ஆட்களுக்குக் கால் நடுங்கியது. சொரிமுத்துவின் தோள் கன்றிப்போயிற்று. "அண்ணாச்சி, பாரம் தாங்கலை. கீழே போட்டிருவோம்போல இருக்கு" என்று முனகினான்.

கூடவே நடந்து வந்த பவளக்கொடி ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"பாரம் ஏன் இருக்காது? டேங்க் நிறைய டீசல் கிடக்குல்லா?" என்றார். "டிரைவர் தம்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி நல்லா முறுக்குங்க. டீசல் எரிஞ்சு தீரத் தீர இவங்களுக்குப் பாரம் குறையும்."

டிரைவர் ஸ்டார்ட் பண்ணினார். சக்கரங்கள் ஆகாயத்தில் சுழல, பின்னால் புகை கறுப்பாய்க் கிளம்ப, ஊமத்தங்குளத்தார் ஜீப்பைச் சுமந்துகொண்டு ஏற்றத்தில் ஏறினார்கள்.

"இப்ப எப்படிவே இருக்கு?" என்று இருமிக்கொண்டே கேட்டார் பூதத்தான்.

"நல்லாவே குறையுது, அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து. "இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொல்லுங்க."