கஸ்பார் சம்மாட்டியின் தாழ்மை

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில், தெற்குக் கடலோரத்தில் வெண்மணல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே கஸ்பார் என்று ஒரு சம்மாட்டி இருந்தார். சொந்தத் தோணியும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரை அந்தக் கரையில் சம்மாட்டி என்றுதான் சொல்வார்கள். கஸ்பாரிடம் தோணி இருந்தது, வலை இருந்தது, ஊர்த்தலைமையும் இருந்தது. தம்மிடம் இல்லாதது ஒன்று உண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குத் தெரியவந்தது.

அன்று கோயிலில் பங்குச் சாமியார், தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்று பிரசங்கம் வைத்தார். உயர்த்தப்படுவான் என்ற சொல் கஸ்பாரின் காதில் நன்றாக விழுந்தது. அதற்கு முந்தின சொல்லையும் அவர் தள்ளிவிடவில்லை. அன்று மாலையே தாழ்மையைத் தொடங்கிவிட்டார்.

கேளுங்கள், அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

முதலில், கோயிலில் தமக்கென்று இருந்த முன்னிடத்தை விட்டுவிட்டுக் கடைசியில், வாசலோரம் போய் உட்கார்ந்தார். அங்கே வழக்கமாக உட்காரும் ஏழைகளை வேலைக்காரர்கள் எழுப்பி வெளியே அனுப்பினார்கள். இடத்தைக் கழுவிக் கம்பளம் விரித்தார்கள். சம்மாட்டியே பின்னால் போனபிறகு மற்ற பெரிய மனிதர்கள் முன்னால் இருக்க முடியுமா? ஒவ்வொருவராக அவர்களும் வாசலோரம் வந்து நெருக்கினார்கள். கோயிலின் முன்பாதி காலியாகக் கிடந்தது. தூரத்தில் இருந்த தாழ்மையுள்ளவர்களுக்குக் கேட்கட்டும் என்று கத்திக் கத்திச் சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இரண்டாவதாக, செருப்பை விட்டார். வெறுங்காலோடு நடந்தார். அவருக்கு முன்னால் ஒருவன் முள்ளையும் கிளிஞ்சலையும் பொறுக்கிக்கொண்டே போனான்.

மூன்றாவதாக, யாரைப் பார்த்தாலும் "நான் வெறும் தூசி" என்றார். மீன் ஏலம் விடுகிற ஒருவன் அதைக் கேட்டு, "ஆமாம் சம்மாட்டி" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஏலம் விட அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தத் தூசியிடம் வேலை பார்த்தவன் அருளப்பன். சம்மாட்டியின் பெரிய தோணிக்கு அவன்தான் சுக்கான் பிடிப்பான். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மற்ற தோணிகளெல்லாம் கரைக்குத் திரும்பின. அருளப்பனும் திரும்பிக்கொண்டிருந்தபோது, வேற்றூர்க்காரர் இருவர் கவிழ்ந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவது கேட்டது. காற்று எழும்பினால் எதற்கும் நிற்காமல் நேரே கரைக்கு வர வேண்டும் என்பது சம்மாட்டியின் கட்டளை. அருளப்பன் அதை நினைத்துப் பார்த்தான். நினைத்துக்கொண்டே தோணியைத் திருப்பினான். இருவரையும் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் தோணி பாறையில் மோதிப் பிளந்தது. ஆட்கள் எல்லோரும் நீந்திப் பிழைத்தார்கள். தோணி பிழைக்கவில்லை.

ஊர் கூடியது. கஸ்பார் கோபப்படவில்லை, தாழ்மையுள்ளவர் கோபப்படலாமா? மெல்லிய குரலில்தான் பேசினார்.

"தோணி போனது பெரிதில்லை. நான் அற்பன், என் சொல்லும் அற்பம். ஆனாலும் அந்த அற்பமான சொல்லை ஒருவன் மீறிவிட்டால், நாளைக்கு ஊர் ஊராக இருக்குமா?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அருளப்பன் இனிமேல் கடலில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அவனை எவரும் தோணியில் ஏற்றக் கூடாது, அவன் தனியாகக் கட்டுமரம் இறக்கினாலும் தள்ள எவரும் கைகொடுக்கக் கூடாது. இது எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்டான். அதைக் கடவுளிடம் விட்டுவிடுவோம் என்று கஸ்பார் பணிவாகச் சொன்னார்.

அருளப்பனுக்குக் கடலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஊருக்கு வெளியே செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குப் போய் உடைமுள் மரங்களை வெட்டி விறகாக்கி விற்றான். அவன் மனைவி சலேத்தம்மாள் கூலிக்குக் கருவாடு காயவைத்தாள். விடியற்காலையில் தோணிகள் புறப்படும் சத்தம் கேட்டால் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அதைப் பார்க்கச் சகிக்காமல் சலேத்தம்மாள் சம்மாட்டி வீட்டுக்குப் போனாள்.

முதல் முறை போனபோது, சம்மாட்டி ஜெபத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதே என்றார்கள். இரண்டாம் முறை போனபோது, தவசுக்காலம் தொடங்கிவிட்டது, சம்மாட்டி உபவாசத்தில் களைத்திருக்கிறார் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது அவர் வாசலிலேயே இருந்தார், தருமக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அவளை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முறை வந்ததும், தான் கஞ்சிக்கு வரவில்லை, தன் புருஷனை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்ததாகச் சொன்னாள். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அவள் கையில் ஒரு சிரட்டைக் கஞ்சியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சாமியாரும் போய்ப் பேசிப் பார்த்தார். இரக்கம் வேறு, ஊர் ஒழுங்கு வேறு என்று கஸ்பார் அவருக்கு விளக்கினார்.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நாளான பெரிய வியாழக்கிழமை வந்தது. அன்று கோயிலில் பன்னிரண்டு ஏழைகளின் கால்களை ஊர்த்தலைவர் கழுவுவது அந்த ஊர் வழக்கம். முன்பிருந்த தலைவர்கள் பெயருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் தாமே முழங்காலிட்டுத் துடைத்து முத்தமும் செய்யப்போவதாகக் கஸ்பார் முரசறைந்து சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. அன்று மட்டும் எல்லோரும் முன்னால் வந்து நெருக்கினார்கள்.

பன்னிரண்டு பேரையும் காலையிலேயே வேலைக்காரர்கள் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சீயக்காய் போட்டுக் கால்களைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். சம்மாட்டி கழுவும்போது அழுக்காக இருக்கக் கூடாது அல்லவா? ஆனால் பூசை தொடங்குகிற நேரத்தில் அவர்களில் ஒரு கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த இடத்துக்கு ஆள் பார்ப்பது தம் பொறுப்பு என்றார் சாமியார்.

கஸ்பார் வெள்ளித் தட்டோடு வந்து முழங்காலிட்டார். முகங்களை அவர் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டே போனார். கூட்டம் உச்சுக்கொட்டிக்கொண்டது. பதினோரு பேர் முடிந்தது.

பன்னிரண்டாவது கால்களை யாரும் தேய்த்துக் கழுவியிருக்கவில்லை. உள்ளங்கால் வெடித்திருந்தது. முள் ஏறி முள் ஏறிப் பழுத்த புண்கள் இருந்தன. கஸ்பார் கையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்தக் காலைத் தொடப் போனார். கால் பின்னால் நகர்ந்துகொண்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அருளப்பன் உட்கார்ந்திருந்தான்.

"கழுவ வேண்டாம், சம்மாட்டி" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "கடலில் வைக்க விடுங்கள். அது கழுவிக்கொள்ளும்."

கஸ்பார் கையில் இருந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தட்டில் விழுந்தது. எழுந்து போனால், தாழ்மை பாதியில் எழுந்து போய்விட்டது என்று கூட்டம் சொல்லும். கழுவலாம் என்றால் கால் இல்லை. அப்படியே முழங்காலில் இருந்தார். தரை கல். அவருக்கோ வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முழங்கால்கள் வலிக்கத் தொடங்கின. கம்பளம் கொண்டுவர வேலைக்காரர்களுக்கும் தோன்றவில்லை. வலி ஏற ஏற, எதிரே இருந்த அந்தப் புண்களைத் தவிர அவர் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகிறவனுக்கு முள் எங்கே ஏறியிருக்கும் என்று யோசித்தார். யோசித்தபோது, அந்த முள் ஒவ்வொன்றும் தம் வாயிலிருந்து போனது என்று விளங்கியது.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதைக் கண்டதும் அருளப்பன் பெஞ்சைவிட்டு இறங்கினான். ஒரு கையை அவர் அக்குளில் கொடுத்து, தோணியில் தளர்ந்தவனைத் தூக்குவதுபோலப் பதமாகத் தூக்கித் தன் இடத்தில் உட்கார வைத்தான். தட்டில் இருந்த தண்ணீர் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது.

கஸ்பார் அவன் கையை விடவில்லை. "நான் செய்தது அநியாயம், அருளப்பா. நீ கடலுக்குப் போ" என்றார். சொன்னது அருளப்பனுக்கு மட்டுந்தான் கேட்டது. ஊர்க்காரர்கள், சடங்கு கெட்டுப்போயிற்றே என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த மறுநாள் விடியலில் அருளப்பன் கரைக்கு வந்தான். சலேத்தம்மாள் சோற்றுப்பானையோடு பின்னால் வந்தாள். அங்கே கஸ்பார் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். கூடியிருந்தவர்களிடம், தீர்ப்பு தப்பு, சொன்னவன் நான்தான் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு அருளப்பன் ஏறவிருந்த தோணியைத் தள்ளக் கைகொடுத்தார். தள்ளி அவருக்குப் பழக்கம் இல்லை. எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், சம்மாட்டி" என்றான் ஒருவன்.

அவர் ஒதுங்கி நின்றார்.

ஆகையால் கேட்டவர்களே, ஊர் பார்க்க ஒருவன் காலைக் கழுவுவது தாழ்மை ஆகாது. நாம் வருத்தியவனிடம் நம் தப்பை ஒப்புக்கொண்டு அவன் பிழைக்க வழிவிடுவதே தாழ்மையும் இரக்கமும் ஆகும்.