ஏழரைக்குக் காத்திருந்தவர்

நார்வேயில் பெர்கன் என்று ஒரு நகரம். மழைக்குப் பேர்போனது. அங்கே சனிக்கிழமை தோறும் காலையில் அரசி அம்மாவின் வகுப்பு நடக்கும். கண்ணை மூடி உட்காருவது, அது முடிந்ததும் தேநீர், தேநீரோடு கேள்விகள். அவ்வளவுதான் வகுப்பு.

அரசி அம்மாவின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்து, பல் மருத்துவராகி, அங்கேயே தங்கிவிட்டவர். ஆட்களை வாய் திறக்கவைப்பது அவருக்கு வாரம் முழுக்க வேலை என்று சீடர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள்.

அந்தப் பாதியில் ஒருவர் சங்கரலிங்கம். பாளையங்கோட்டைக்காரர், கப்பல் என்ஜின் பொறியாளர். ஐம்பதை நெருங்கும்போது பெர்கனில் வேலை கிடைத்து, மனைவி கோமதியோடு வந்து சேர்ந்தவர். கண்ணை மூடி நிமிர்ந்துதான் உட்காருவார். ஆனால் தொடைக்கடியில் கைபேசி இருக்கும். அது அதிர்ந்தால் அவர் புருவமும் கூடவே அதிரும்.

கைபேசியில் அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று. இன்றைக்கு ஒரு குரோனர் எத்தனை ரூபாய்?

ஊரைவிட்டுக் கிளம்பும்போது வீட்டை விற்றிருந்தார். அந்தப் பணம் பாளையங்கோட்டை வங்கியில் ரூபாயாகவே கிடந்தது. அதை நார்வே குரோனராக மாற்றி இங்கே கொண்டுவர வேண்டும். குரோனரின் விலை இறங்கினால் அவருக்கு லாபம், ஏறினால் நட்டம்.

வந்தபோது ஒரு குரோனர் எட்டு ரூபாய். கொஞ்சம் இறங்கட்டும் என்றார். ஏழே முக்காலுக்கு இறங்கியது. இன்னும் இறங்கும் என்றார். எட்டரைக்கு ஏறியது. இவ்வளவு ஏறினபிறகு எவனாவது மாத்துவானா என்றார். ஏழரை என்று மனதுக்குள் ஒரு கோடு கிழித்துவைத்திருந்தார். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்கூட அவரிடம்தான் ரேட் கேட்பார்கள்.

கோமதி ஒருநாள் சொன்னாள்:

"நம்ம ஊர்ல எல்லாரும் ஏழரை எப்போ போகும்னு கோயில் கோயிலா நடப்பாவ. ஏழரை எப்போ வரும்னு காத்துக்கிட்டு இருக்கது நீங்க ஒருத்தர்தான்."

கோமதிக்கு ஓர் ஆசை இருந்தது. பெர்கன் தமிழர்களின் கோயில் திருவிழாவில் அவள் தோசை சுட்டால் நார்வேக்காரர்களும் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் வீட்டருகே, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு பூக்கடை காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அவள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அடுப்பு எங்கே, மாவு எங்கே, மேசை எங்கே என்று அளந்துவிட்டு வந்தாள். கடைக்காரப் பெண்மணி முன்பணம் கேட்டார். மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். முடிவெட்டும் கடை வைக்க இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஏழரை வரட்டும், உடனே கட்டிரலாம்" என்றார் சங்கரலிங்கம்.

கோமதி சண்டை பிடிக்கவில்லை. கடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அந்தச் சனிக்கிழமை தேநீர் வேளையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒரு கேள்வி. ஞானத்தைப் பத்தி இல்ல."

"பரவாயில்லை. கேளுங்கோ ஐயா."

"ஊர்ல இருக்க பணத்தை எப்போ மாத்தணும்?"

சுற்றி இருந்தவர்கள் குனிந்து தேநீரை ஊதினார்கள். அரசி அம்மா சிரிக்கவில்லை.

"என்ன விலைக்கு வந்தால் மாத்துவியள்?"

"ஏழரை."

"இண்டைக்கு?"

"எட்டேகால்."

அரசி அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த மாசம் நாங்கள் கொஞ்சப் பேர் சிதம்பரம் போறம். தங்கிறதுக்கும் அன்னதானத்துக்கும் எனக்கு அங்கை ரூபாய் வேணும். உங்களுக்கு இஞ்சை குரோனர் வேணும். கோமதி சொன்ன அந்தக் கடைக்கு எவ்வளவு முன்பணமோ அவ்வளவையும் நான் தாறன். ஏழரைக்கே தாறன்."

சங்கரலிங்கம் காதில் விழுந்ததை நம்பாமல் பார்த்தார்.

"உங்களுக்கு நட்டம்மா."

"என்ரை காசுதானே. வாற சனிக்கிழமை பதில் சொல்லுங்கோ."

சங்கரலிங்கம் குடையை மறந்துவிட்டு, மழையில் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். கோமதியிடம் சொல்லவில்லை. கையில் பணம் வந்ததும் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சாப்பிடும்போது ரசத்தோடு ஒரு யோசனையும் உள்ளே இறங்கியது. எட்டேகால் விற்கும்போது ஒருவர் எதற்காக ஏழரைக்குத் தருகிறார்?

அரசி அம்மாவின் தம்பி ஆஸ்லோவில் ஏதோ வங்கியில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. தம்பி அக்காவிடம் ஏதாவது சொல்லியிருப்பான். குரோனர் விழப்போகிறது. ஏழரைக்கும் கீழே. ஏழுக்கேகூட வரலாம். அப்படியானால் ஏழரைக்கு வாங்குவது முட்டாள்தனம்.

அலுவலகத்தில் என்ஜின் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இதையே யோசித்தார். கப்பலிலிருந்து போன் பண்ணியவருக்கு எண்ணெய் அழுத்தம் ஏழுக்கு இறங்கட்டும் என்று பதில் சொன்னார். அந்த முனையில் இருந்தவர் அது ஏற்கெனவே ஐந்தில்தான் நிற்கிறது என்றார்.

சனிக்கிழமை வந்தது. வகுப்புத் தொடங்குமுன்பே போய் அரசி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொன்னது."

"ஓம்."

"ஒரு வாரம் பொறுக்கலாமா?"

அரசி அம்மா அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மெல்லத் தொடங்கிய சிரிப்பு தோளைப் பிடித்துக் குலுக்கி, கண்ணில் நீர் வந்து, முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொள்ளும்வரை போனது. அதற்குள் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்ட இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று கண்ணைத் திறந்தார்கள்.

சங்கரலிங்கத்துக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்புறம், தான் கேட்டதைத் தானே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உதடு துடித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அரசி அம்மா கேட்டார்:

"ஐயா, மாத்தினால் என்ன நடக்கும்?"

"வீடு போயிரும்மா."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அதைத்தான் வித்துப்போட்டியளே."

"வித்தது வேற. ரூபாயா கிடக்க வரைக்கும் அது பாளையங்கோட்டையிலதான் இருக்கு. இங்க சரிப்படலன்னா எடுத்துட்டுப் போயி அதே தெருவில ஒண்ணு வாங்கிரலாம். மாத்திட்டா நான் இந்த ஊர்க்காரன்."

அரசி அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒரு வாத்தியார் குடும்பம். ரெண்டு பொம்பளப் பிள்ளைய."

"எப்பிடி இருக்கினமாம்?"

"மாடியில ஊஞ்சல் கட்டியிருக்காவளாம். எனக்கு அது தோணவே இல்ல பாருங்க, அவ்வளவு காத்து வரும் அங்க." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நல்லது."

சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிம்மா. நீங்க சொன்ன ஏழரைக்கே வச்சுக்கிடுவோம்."

"நீங்கள் ஒரு வாரம் கேட்டதோடை அது போயிட்டுது ஐயா."

அவர் திகைத்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்போ எப்போதான் மாத்த?"

"கோமதி எப்ப கடை திறக்கிறா?"

சங்கரலிங்கம் எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, அன்றைக்கு வகுப்பில் உட்காராமலே வெளியே போனார்.

வீட்டில் கோமதி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். சங்கரலிங்கம் நனைந்த தலையோடு வந்து, மேசையில் மடிக்கணினியைத் திறந்து, வங்கிக் கணக்குக்குள் போய், எண்களை நிரப்பினார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பச்சைப் பொத்தானை அமுத்து."

"என்னது இது?"

"உன் கடை."

கோமதி கையைத் துடைத்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ரேட் பாத்தியளா?"

"பாத்தேன். எட்டு முப்பது. மோசந்தான். அமுத்து."

உளுந்துத் தோல் ஒட்டிய விரலால் அவள் அமுக்கினாள். பிறகு உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள். கொஞ்சம் பலமாகவே துவட்டினாள். அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் குரோனர் எட்டுக்கும் கீழே இறங்கியது. செய்தி பார்த்த மாலையில் அவர் நட்டக் கணக்குப் போட உட்கார்ந்தார். கோமதி உப்புத்தாளைக் கையில் கொடுத்து, பூக்கடையின் பழைய சன்னலைத் தேய்க்கச் சொன்னாள். தேய்க்கத் தேய்க்கப் பச்சைப் பெயின்டுக்கு அடியில் நீலமும் நீலத்துக்கு அடியில் நல்ல மரமும் வந்தன. கணக்கை மறந்துவிட்டார்.

கடை திறந்த நாளில் வழக்கம்போல மழை. ஆனாலும் வரிசை எதிரே பேருந்து நிறுத்தம்வரை நீண்டது. பேருந்தை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றவர்களும் உண்டு. கோமதி கல்லில் மாவைச் சுழற்றும்போது கண்ணாடிக்கு வெளியே குழந்தைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். பூக்கடைப் பெண்மணி ஒரு பெரிய பூங்கொத்தோடு வந்து, தன் பழைய கடையில் தோசை தின்றுவிட்டு, சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார். அரசி அம்மா சீடர்களோடு வந்து சன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். சிதம்பரத்து விபூதியை அடுப்புக்கு மேலே வைத்தாயிற்று.

சங்கரலிங்கம் முழங்கைவரை மாவோடு கரண்டி பிடித்து நின்றார்.

வரிசையில் நாகர்கோவில் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் செல்வராணி. ஆஸ்பத்திரியில் நர்சாக அந்த வாரம்தான் வந்து சேர்ந்தவள். ஊரில் சேர்த்துவைத்த பணத்தை என்ன செய்வது என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டிருக்கிறாள். எல்லாரும் கைகாட்டியது சங்கரலிங்கத்தை.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரேட் என்ன?"

அவர் வாயைத் திறந்தார். நேற்றும் பார்க்கவில்லை, முந்தாநாளும் பார்க்கவில்லை. கைபேசி எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. மாவுக் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி அரசி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அரசி அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"தோசை தொண்ணூறு குரோனர் பிள்ளை. மசாலா எண்டால் நூற்றிப்பத்து."