திலகவதியின் பிள்ளைக்கு யார் ஜாடை?

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேளுங்கள். அவசரப்பட்டு மட்டும் வாயைத் திறக்காதீர்கள். இந்தக் கதையில் அவசரப்பட்டவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்த காலத்தில், வள்ளிமயில் என்பவள் ஒன்றரை வயது மகளோடு சென்னையில் வந்து இறங்கினாள். புருஷன் பர்மாக்காரர். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். வியாசர்பாடியில் குடியேறியபோது, அவரும் தமிழர்தான் என்று ஒரு தமிழ்ப் பேரையும் சொல்லிவைத்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் திலகவதி கறுப்பு நிறமும் பெரிய கண்ணுமாக அம்மாவை உரித்து வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள்தான் மகளிடம் உண்மையைச் சொன்னாள். சொன்ன கையோடு சூடத்தைக் கொளுத்தி, "நான் இருக்கிறவரைக்கும் இதை நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று அணைத்துச் சத்தியம் செய்யவும் வைத்தாள். பர்மா ஜாடையோடு பிறந்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு முகத்தைப் பார்த்தே மூன்று வரன்கள் தட்டிப்போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

திலகவதி கர்ப்பமானாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரத்தம் என்ன, அரிசியும் கல்லுமா, முறத்தில் போட்டுப் பிரித்தெடுக்க? அம்மா முகம் தனக்கு வந்ததுபோல, தன் அப்பா முகம் பிள்ளைக்கு வந்துவிட்டால்? ஒன்பது மாதமும் அந்த ஒரே பயம்தான்.

பயந்தபடியே நடந்தது. வெளுத்த நிறம், தட்டை மூக்கு, மடிப்பில்லாத சின்னக் கண்கள். பிரசவ வார்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. அவர்கள் தெருவுக்கு விசில் ஊதிக்கொண்டு ஒரு கூர்க்கா காவலுக்கு வருவார். பாவம், யார் வீட்டு வாசலையும் தாண்டாத மனுஷர். அவர் ஜாடைதான் என்று முடிவுகட்டினார்கள். உதைக்க ஆள் திரண்டதும் அவர் வேலையை விட்டே போய்விட்டார். தப்பு செய்தவன்தானே ஓடுவான் என்று அதுவும் திலகவதி தலையில்தான் விழுந்தது.

அவள் புருஷன் சேதுராசு பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "இது உங்க பிள்ளை. மேல எதுவும் கேக்காதீங்க." அவனும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள், பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி அப்பாவின் தங்கை அரைஞாண் கட்டினால்தான் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. தங்கை நாகஜோதி கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க."

திலகவதி வெறுங்கையால் அணைத்தாள். "உங்க அண்ணன் பிள்ளை."

"அப்ப இந்த மூக்கு எங்கேருந்து வந்துச்சு?"

திலகவதி தலை குனிந்தாள். மாமியார் காளியம்மாள் சம்பந்தியைப் பார்த்து, "உங்க மகளையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள்.

சேதுராசு எழுந்தான். "எங்க தாத்தாவும்தான் ரங்கூன்ல அரிசி ஆலையில இருந்தாரு. எங்கப்பாவைப் பெத்தவ ஒரு பர்மாக்காரி. அப்பத்தா வளர்த்ததோட சரி. தாத்தாவே எங்கிட்டச் சொன்னாரு." அத்தனையும் அந்த நிமிஷத்தில் அவன் கட்டிய பொய்.

காளியம்மாள் மகனின் சட்டையைப் பிடித்தாள். "எம் மாமியா பெத்த பிள்ளையடா உங்கப்பா! அந்த மகராசிக்குக் கடைசித் தண்ணி ஊத்துனவ நான். அவளையா இல்லைங்கிறே?"

சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்த வள்ளிமயில் அப்போதுதான் எழுந்தாள். "மாப்ளே, உங்க அப்பத்தாளை விட்டுருங்க. பர்மாக்காரர் எம் புருஷன். இவளோட அப்பா."

கதையை இங்கே நிறுத்துகிறேன். சத்தியத்தைக் காத்தாள் மகள். பொய் சொல்லி மனைவியைக் காக்கப் பார்த்தான் மருமகன். மகளின் வாயைக் கட்டிவிட்டுத் தானே வாய் திறந்தாள் தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: மருமகன் நல்லவன்தான். ஆனால் உயிரோடிருக்கும் ஒருத்தியைக் காப்பாற்ற, பதில் சொல்ல முடியாத இன்னொருத்தியிடமிருந்து அவள் பெற்ற பிள்ளையைப் பறித்தான். மகள் கொடுத்த வாக்கை மீறவில்லை, உண்மைதான். அதற்கு விலை கொடுத்ததோ பெயர்கூட இல்லாத பிள்ளையும், ஒரு பாவமும் அறியாத காவல்காரரும். தாய் மட்டுமே தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். ஆகவே அவள் செய்ததே சரி. அதற்காக அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடாதீர்கள். சத்தியம் மகளைத்தான் கட்டியது. பதினாறு நாளும் தாயின் வாயை யாரும் கட்டவில்லை. அவள் சொல்லி முடித்ததும் காளியம்மாள் பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு, "அவர் பேரென்ன சம்பந்தி?" என்று கேட்டாள். "மாங் டின்" என்றாள் வள்ளிமயில். திலகவதி தன் அப்பாவின் நிஜப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.