நாற்பத்தாறு வாட்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு சாயங்காலம் மின்சார வகுப்பு எடுத்தார் தமயந்தி டீச்சர். மற்ற நாளில் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்துபவர். நாங்கள் பத்துப் பேர் பொழுது போகட்டும் என்று போவோம். சென்னியப்பன் மட்டும்தான் விழுந்து விழுந்து படித்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட் என்று எருமைக்குத் தீவனம் வைக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், காட்டுப்பன்னிக்கு எத்தனை ஓம் இருக்குமுங்க?"

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் எழுதினார்.

"எரநூத்தி முப்பது வோல்ட்டு. ஓடறது பாயிண்ட் ரெண்டு ஆம்பியர். எத்தனை ஓமுங்க?"

"ஆயிரத்தி நூத்தி அம்பது."

"வாட்டு?"

"நாப்பத்தாறு." சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்கூட்டுக் குண்டு பல்பே அறுபதுங்க. இத்துனூண்டு கரண்டு யாரைக் கொல்லும்? பன்னி ஒரு உதறு வாங்கிட்டு ஓடிரும். மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது."

"நான் எழுதினது பன்னி இல்லீங்கண்ணா," என்றார் டீச்சர். "ஈரத்தரையில வெறுங்காலோட நிக்கற மனுசன். இந்த அளவு கரண்டு உள்ள போனா நெஞ்சு நின்னுரும்."

சென்னியப்பன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மணி என்னங்க?" என்றார்.

"ஆறு அஞ்சு."

முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ரெண்டு வருசமா பன்னி ஒரு சோளக் கருதை உடலீங்க. மத்தியானந்தான் சோளக்காட்டைச் சுத்திக் கம்பி இழுத்து மோட்டார் ரூம்ல சேர்த்தேன். ஆறு மணிக்கு டைமர் தானா கரண்டு உட்டுரும். இன்னிக்கு வாய்க்கால் தண்ணி எங்க முறை. நான் கிளாசுக்கு வந்துட்டா பாவாத்தாதான் மடை திருப்புவா."

பாவாத்தாள் அவர் சம்சாரம்.

"கம்பி கட்டினதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா கட்ட உடமாட்டாளுங்க."

போனை எடுத்தார். பாவாத்தாளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே எழுந்தோம்.

"நில்லுங்கண்ணா," என்றார் டீச்சர்.

பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வர்ற வழியில உங்க கம்பியைப் பார்த்தேன். மோட்டார் ரூம் தெறந்து கெடந்துச்சு. புடுங்கிட்டு வந்துட்டேன். காட்டுல இப்பக் கரண்டு இல்லீங்க."

சென்னியப்பன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். அழுது ஓய்ந்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"எல்லாந் தெரிஞ்சும் என்னை இப்படி உசுரோட கொன்னுட்டீங்களே டீச்சர். வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"ஃபியூஸை நான் புடுங்கிட்டேனுங்கண்ணா," என்றார் டீச்சர். "கம்பியை நீங்கதானே புடுங்கணும்."