செருப்பு கிடக்கும் வாசல்

மலையடிவார ஆசிரமத்தின் தலைவி சுயம்பிரபாவுக்கு வயது முப்பத்து நான்கு. அங்கே சர்வர் அறையைப் பார்த்துக்கொண்ட பூவராகன் தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவர். மகளைவிடச் சின்னவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். சீடனாகச் சேர்ந்தாயிற்று, வேறென்ன செய்வது?

மலை மேலுள்ள சின்ன மருத்துவமனையிலிருந்து நர்ஸ் எஸ்தர் நோயாளிகளின் இசிஜி அனுப்புவாள். ஆசிரமத்து டாக்டர் பார்த்து மருந்து சொல்வார். மேலே போன் டவர் கிடையாது. டிஷ் வழியாக வரும் இணையம் ஒன்றுதான்.

ஆசிரமத்து இணையம் அடிக்கடி படுத்துக்கொண்டதால் பூவராகன் போன வாரம் இரண்டாவது லைன் ஒன்றும் போட்டார். அன்றிலிருந்து பாதி இசிஜி வந்து சேரவில்லை. நேற்று நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். இன்னும் அரைமணி போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

பூவராகனால் தலை நிமிர முடியவில்லை.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியலம்மா."

"இசிஜி அனுப்பறதுக்கு முன்னாடி எஸ்தரோட மெஷின் கேக்கறது எந்த லைன்ல வருது?"

"பழைய லைன்ல. 'அனுப்பட்டுமா'ன்னு அவ மெஷின் கேக்குது. நம்ம சர்வர் 'அனுப்பு'ங்குது. ரெண்டு லைனையுமே டிஃபால்ட் கேட்வே, அதாவது வெளிய போற பொது வழின்னு போட்டு வச்சிருக்கேன். பதில் எது வழியா வேணும்னாலும் வெளிய போகலாம்."

"போய்ச் சேருதா?"

"பாதி சேருது. மீதியை அவ மெஷின் 'நீ யாரு'ன்னு தள்ளிடுது. ரெண்டுமே நல்ல லைன்தாம்மா."

சுயம்பிரபா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஒண்ணாச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாங்க. மேற்கு வாசல் வழியாப் போங்க."

ஆசிரமத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வரும் வாசலிலேயே கழற்றி விடுவது வழக்கம். குரு சொன்னால் சொன்னதுதான் என்று பூவராகன் மேற்கே நடந்தார். சித்திரை வெயில். தார் ரோட்டில் ஒரு காலை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்திருந்தாள் சுயம்பிரபா.

"போகலையா?"

"செருப்பு கிழக்கு வாசல்ல கிடக்கும்மா."

"இதுவும் நல்ல வாசல்தானே?"

"நல்ல வாசல்தான். ஆனா நான் வந்தது அது வழியா."

"எஸ்தரோட கேள்வி எந்த வாசல்ல செருப்பை விட்டுட்டு வந்துச்சு?"

"பழைய லைன்லதாம்மா" என்று சுட்ட காலைத் தேய்த்துக்கொண்டார் பூவராகன். பிறகு, சாப்பிடப் போகாமல், சர்வர் அறைக்குத் திரும்பி நடந்தார்.