படகேறி வந்த கடல்நாய்

குரு என்றதும் வெண்தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மங்களாம்பிகைக்கு முப்பத்தெட்டு வயது. வேதாந்த வகுப்பெடுக்கக் கனடாவின் வான்கூவர் வந்திருந்தார். அங்கேயே குடியிருக்கும் சீடர் சங்கரலிங்கத்துக்கு அறுபத்தைந்து. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஓர்க்கா திமிங்கலம் காட்டுகிறோம் என்று கூட்டிப்போன படகு. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில இருந்து அதையே பாக்கீங்களே அண்ணாச்சி?"

அவர் கைப்பேசியை நீட்டினார். டொராண்டோவில் கட்டிக்கொடுத்த மகள் பூரணி எழுதியிருந்தாள்: 'அப்பா, நான் நம்ம வீட்டுக்கே வந்துடட்டுமா?'

"என்ன பதில் போட்டீங்க?"

"இன்னும் போடலம்மா. என்ன நடந்துச்சு, அவன் என்ன சொன்னான், இவ என்ன சொன்னா, யார் மேல தப்பு, எல்லாம் தெரியணும்லா? நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல? முதல்ல அவகிட்ட என்ன கேக்கணும்? நீங்களே சொல்லுங்க."

குரு வாயைத் திறப்பதற்குள் படகில் கூச்சல். ஐந்தாறு கறுப்பு முதுகுத்துடுப்புகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தலை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தது. கடல்நாய்.

படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டாள். திமிங்கலம் கிட்டே வந்தால் படகு அசையக் கூடாது, அதுதான் அங்கே சட்டம்.

கடல்நாய் படகின் பின்பலகைக்குத் தாவியது. வழுக்கி விழுந்தது. "ஐயோ!" என்று எழுந்தே விட்டார் சங்கரலிங்கம். மறுபடி தாவியது. இந்த முறை பலகையில் தொற்றி ஏறி, வயிற்றால் இழுத்து இழுத்து, அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது.

"யாரும் தொடாதீங்க. தள்ளிவிடவும் கூடாது. அதுவா இறங்குற வரைக்கும் நாம காத்திருக்கணும்" என்றாள் படகோட்டி.

திமிங்கலங்கள் படகைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றில் ஒன்று குட்டி.

"பாவம், அந்தக் குட்டிக்கும் பசிக்குமே" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

"பசிச்சா மீனைப் பிடிச்சுத் திங்கட்டும்!" என்று சீறினார் சங்கரலிங்கம். அந்த இனம் மீன் தின்னாது என்று சற்று முன்புதான் படகோட்டி விளக்கியிருந்தாள். அவர் எங்கே கேட்டார்?

இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடல்நாய்க்கு இடம் போதவில்லை என்று இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டார். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர்.

"பயப்படாத தாயி. இரு, இரு. யாரும் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. திமிங்கலங்கள் சலித்துப்போய் விலகின. கடல்நாய் நகரவில்லை. எப்போது திரும்புவோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"அது போறப்ப போகட்டும். இப்ப என்ன அவசரம்?" என்றார் சங்கரலிங்கம். "இன்னும் எப்படி நடுங்குது பாருங்கம்மா. எனக்கு நெஞ்சே பதறுது."

மங்களாம்பிகை கடல்நாயைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் ஆச்சே அண்ணாச்சி, இது ஏன் வந்துச்சு, யார் மேல தப்புன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சங்கரலிங்கம் குளிருக்குப் போட்டிருந்த கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, கைப்பேசியை எடுத்தார்.