தொட்டியில் முதல் வாய்

சித்திரைத் திருவிழாவுக்குப் போகிற குதிரை வண்டியெல்லாம் சடைச்சி பார்த்துக்கொள்ளும் தண்ணீர்த் தொட்டியில்தான் நிற்கும். ஒருநாள் ஜமீன்தாரின் பரிவாரமும் வந்து நின்றது. மானேஜர் அருணகிரிப் பிள்ளை புதிதாக வாங்கிய குதிரை மூக்கொழுக இருமியது.

"எசமான், இது தொத்து நோய். தொட்டியில வாய் வச்சா ஜட்காக்காரங்க குதிரையெல்லாம் படுத்துடும். வாளியில தனியாத் தர்றேன்" என்றாள் சடைச்சி.

மானேஜர் எகிறினார். "நான் பார்த்து வாங்கின குதிரைக்கு நோயா? வெறும் வெயில் சூடு! தொட்டியில்தான் குடிக்கும். மறுத்தால் உனக்கு இங்கே வேலை கிடையாது!"

ஜட்காக்காரர்கள் தங்கள் குதிரைகளைத் தொட்டியிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். சடைச்சி கும்பிட்டாள்.

"தப்புத்தான் எசமான். அதுவே முதல்ல குடிக்கட்டும். மிச்சத்தை ஜமீன்தார் ஐயாவோட வெள்ளைக் குதிரைக்குக் காட்டிடலாம்."

"ஐயையோ, வெள்ளைக் குதிரையை இங்கே கொண்டுவராதே!" என்று அலறிவிட்டார் மானேஜர்.

பரிவாரத்தின் நடுவே நின்ற ஜமீன்தாரின் கோச்சு வண்டியில் திரை விலகியது.

"ஏன் பிள்ளைவாள், வெறும் சூடுதானே?" என்றார் ஜமீன்தார்.

நோய்க் குதிரை தனியாகப் புளியமரத்தடிக்குப் போனது. அதற்கு வாளி சுமந்தவர் மானேஜர்.

அதற்கப்புறம் அந்தச் சாலையில் சடைச்சியால் நடக்கவே முடியவில்லை. "இந்தக் குதிரை ஓடுறதே உன்னாலதான், ஏறுக்கா" என்று அவளை ஏற்றிக்கொள்ளாமல் எந்த ஜட்காவும் நகரவில்லை.